பதினைந்து டிகிரி பொய்

ருமேனியாவில் டிமிஷோவாரா ஊருக்கு வெளியே ஒரு பால் ஆலை. பால் காய்ச்சும் தொட்டிகளில் உள்ள வெப்பமானிகளைச் சரிபார்ப்பதுதான் ஸ்மரண்டா கோஸ்மாவின் வேலை. ஐஸ் தண்ணீரில் முக்கினால் பூஜ்யம் காட்ட வேண்டும், கொதிநீரில் நூறு காட்ட வேண்டும். காட்டாத கருவியை அவள் தயவு தாட்சண்யம் பார்க்காமல் ஒதுக்கிவிடுவாள். முப்பத்தாறு வயது, தனியாக இருந்தாள், கம்ப்யூட்டரைத் தயாரித்த கம்பெனி விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பதில் பைத்தியம்.

அந்தப் பைத்தியம் எங்கள் எட்டுப் பேருக்கும் இருந்தது. ஞாயிறு மதியங்களில் நேலுவின் கம்ப்யூட்டர் கடைப் பின்னறையில் கூடுவோம். எட்டுப் பேரிடமும் ஒரே வகைப் பிராசசர்தான். விலை மலிவு, சொன்னபடி கேட்கும். இரண்டாயிரத்து எட்டு கோடையில் ஒரு போட்டி வைத்தோம். பிராசசரை முழு வேலை கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். சூடு எழுபது டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்குள் யார் அதிக வேகம் எடுக்கிறாரோ அவர் ஜெயித்தவர். முதல் இருவருக்குப் புக்கரெஸ்ட் தேசியப் போட்டியில் இடம்.

டிராம் பணிமனையில் மின்வேலை பார்க்கும் தூடோர் முதலாவது வந்தான். திரையில் அவனுக்கு அறுபத்தெட்டு டிகிரி. ஸ்மரண்டா இரண்டாவது, அறுபத்தாறு. அன்று மாலை வரை அவள் முகத்தில் சிரிப்பு போகவே இல்லை. புக்கரெஸ்டுக்கு ரயிலில் எந்த இருக்கை வசதி என்று எங்களிடம் இரண்டு தடவை கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டாள். முந்தின நாள் முழுக்க அணைந்து கிடந்த கருவி. பிராசசரின் சூடு பத்தொன்பது என்றது திரை. அறைச் சுவரில் தொங்கிய வெப்பமானி இருபத்தொன்பது காட்டியது. வெறும் விசிறிக் காற்றில் ஓடும் பொருள் அந்தக் காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. ஆலையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய கம்பி வெப்பமானியைப் பிராசசரின் சூட்டை இழுக்க அதன்மேல் உட்காரும் உலோகக் கட்டியின் அடியில் ஒட்டினாள். முப்பத்திரண்டு.

ஒரு புள்ளி போதாது என்பது அவள் தொழில் சொன்ன பாடம். விசிறியை மெதுவாக்கி, வேண்டுமென்றே சூடேற்றினாள். திரையில் எண்பத்தைந்து வந்ததும் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அப்போது வெளியே ஒட்டிய கம்பி தொண்ணூற்று மூன்று காட்டியது. அடுப்பைவிடச் சட்டி அதிகச் சூடாக இருக்குமா?

காரணத்தைத் தேடிப் பிடித்தாள். பிராசசருக்குள் இருக்கும் உணரி தன் சூட்டைச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்று மட்டும் சொல்லும். வரம்பு எண்பத்தைந்து என்று நினைத்துக்கொண்டு நாங்கள் வைத்திருந்த மென்பொருள் கணக்குப் போட்டது. அந்த வகைக்கு உண்மையான வரம்பு நூறு என்று தயாரிப்பாளரின் தாளில் இருந்தது. அமைப்புப் பக்கத்தில் நூறு என்று மாற்றினாள். பத்தொன்பது முப்பத்துநாலானது. அவளுடைய அறுபத்தாறு எண்பத்தொன்றானது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். கண்டுபிடிக்க எங்களில் ஒருவருக்கும் துப்பு இல்லை. ஞாயிறு மதியம் கம்பியையும் காகிதத்தையும் மேசைமேல் வைத்து, தன் முடிவு செல்லாது என்று அவளே முதலில் சொன்னாள். பிறகுதான் மற்றவர்களுடையதும் செல்லாது என்றாள்.

தூடோருக்குச் சுருக்கென்று தைத்தது.

"பால் காய்ச்சுற எடத்துல இருந்து வந்து எங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறீங்களாக்கா?"

"பாலோ பிராசசரோ, சூடு ஒண்ணுதான் தம்பி. ஒன் மெஷின் நடுவுல நடுவுல அணைஞ்சு போகுதுன்னு சொன்னியே, அது எதனாலன்னு நெனச்ச?"

"பவர் பெட்டி சரியில்ல. ரெண்டு தடவ மாத்திட்டேன்."

"மூணாவதும் மாத்து. ஆனா அதுக்கு முன்னாடி இந்தக் கம்பிய ஒருதரம் ஒட்டிப் பாரு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினான். பிராசசருக்கு முழு வேலை கொடுத்து ஓட்டினான். ஓட ஓட, திரை காட்டியதைவிடக் கம்பி எப்போதும் அதிகமே காட்டியது. அரை மணியில் கம்பி எழுபத்தேழைத் தொட்டபோது, திரை இன்னும் அறுபத்தெட்டில் நின்றது. தூடோர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே போய் ஒரு சிகரெட் குடித்தான். திரும்பி வந்து, "இந்த உலோகக் கட்டியோட அடிய எப்படிக்கா சமமாத் தேய்க்கறது?" என்று கேட்டான்.

போட்டியை மூன்று வாரம் தள்ளிவைத்தோம். எல்லோரும் வரம்பை நூறாக மாற்றினோம், மின்னழுத்தத்தைக் குறைத்தோம், கட்டிகளைக் கண்ணாடிமேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம். மறுபோட்டியில் எட்டுப் பேருக்கும் வேகம் குறைந்தது. தூடோரே மறுபடி முதல். அவன் கம்ப்யூட்டர் அதன்பின் ஒருநாளும் நடுவில் தானாக அணையவில்லை. ஸ்மரண்டா மூன்றாவது. இரண்டாம் இடம் எனக்கு வந்தது. அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"என்னடா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? ஒழுங்கா அளந்து ஜெயிச்சிருக்க. போய்ட்டு வா," என்றாள்.

அவளுக்கு வருத்தம் இருந்தது. அன்று யாரோடும் சேர்ந்து சாப்பிடாமல் சீக்கிரம் கிளம்பிவிட்டாள்.

புக்கரெஸ்ட் அமைப்பாளர்களுக்கு நடந்ததை நேலு எழுதிப் போட்டான். பத்து நாளில் பதில் வந்தது: எல்லா ஊர்க் கருவிகளையும் போட்டிக்கு முன் அளந்து தர அந்த அம்மா வருவாரா? அவள் ஆலையில் மூன்று நாள் விடுப்புக் கேட்டாள். மேலாளர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே ரயிலில் போனோம். முதல் நாள் காலை அவள் முன்னால் முப்பது பேர் கம்ப்யூட்டர்களோடு வரிசையில் நின்றார்கள். ஸ்மரண்டா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதல் ஆளைக் கூப்பிட்டாள்.