ஒரு பிடி அரிசி

மலாயாவில் கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் நானும் என் புருஷனும் ரப்பர் பால் வெட்டினோம். தினமும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை மண்ணெண்ணெய் டின்னில் எடுத்து வைப்பேன். வருஷக் கடைசியில் அதை விற்று, ஊருக்குத் திரும்பும் கப்பல் காசில் சேர்க்கத்தான்.

ஆனால் இலை உதிரும் மாதங்களில் மரத்தில் பால் குறையும், கூலியும் குறையும். டின் அரிசியைத்தான் கஞ்சி காய்ச்சிக் குடிப்போம். நாங்கள் வந்த நான்கு வருஷமும் அப்படித்தான்.

அடுத்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள் டின்னைப் பார்த்து, அது எதற்கென்று தெரிந்துகொண்டு கேட்டாள்: "ஏக்கா, இப்படிச் சேத்தா ஒரு வருஷத்துல ஊருக்குப் போயிரலாமா?"

"போயிரலாம் புள்ள" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் நானும் நம்புவதை நிறுத்த வேண்டியிருக்கும்.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம், வெறும் டின்னில் அரிசி விழும் சத்தம் கேட்டது. நானும் என் பிடியைப் போட்டேன்.