கழுத்தில் கிடந்த டோக்கன்

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். காலையில் சிங்கவரத்தில் கம்பெனி பஸ் ஏறும்போதே கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று மனசு வீட்டுக்கே ஓடும். செஞ்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய பிறகுதான் கொஞ்சம் அடங்கும். எட்டாவதோடு நின்றவள் நான். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் வேலை. வீட்டுக்காரர் கொத்தனார், மழை பிடித்தால் அவருக்கு வேலை இல்லை. மாதம் தவறாமல் வருவது என் சம்பளம் ஒன்றுதான். இந்த வேலை போய்விடுமோ என்பதுதான் என் பயங்களிலேயே பெரிய பயம்.

அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நாங்கள் தைக்கிற ஷூவெல்லாம் அவர்கள் ஊருக்குத்தான் போகிறது. ஆபீசில் இருக்கும் பெண் எங்களில் சிலரை முன்னாடியே கூப்பிட்டுப் பாடம் சொன்னாள்.

"ரெண்டு நாட்டுக்கும் வியாபார ஒப்பந்தம் பேசினு இருக்காங்கக்கா. பொம்பளைங்கள ஆம்பளைங்களுக்குச் சமமா நடத்தணும்னு அதுல எழுதணும்ன்றாங்க அவங்க. வியாபாரத்துல அதெல்லாம் எதுக்குன்றாங்க நம்ம ஆளுங்க. உங்கள கேட்டா, இங்க எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க. போதும்."

"வேற எதனா கேட்டுட்டா?"

"கேக்க மாட்டாங்க. டென்ஷன் ஆவாதீங்க."

ஆகாமல் எப்படி. டென்ஷன் வந்தால் எனக்கு உடனே பாத்ரூம் வந்துவிடும். பாத்ரூம் போக எங்கள் லைனில் ஒரு டோக்கன் உண்டு. மிச்சத் தோலை வட்டமாக வெட்டி, ஷூ லேஸ் கோத்து, லைன் முனையில் ஆணியில் மாட்டியிருப்பார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஒருத்தி திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். லைன் முழுக்கப் பெண்கள். டோக்கன் ஒன்றே ஒன்று. அதனால் யாரும் அதிகம் தண்ணீர் குடிக்க மாட்டோம். வந்தவர்கள் கண்ணில் படாமல் அதை மறைக்க வேண்டும் என்று கம்பெனிக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்குத் தொங்கியது.

நான் டோக்கனை எடுத்தபோது பக்கத்து மிஷின் பெண் மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு ஆறு மாதம்.

"சீக்கிரம் வந்துடுக்கா. என்னால முடியல."

பாத்ரூமிலிருந்து வெளியே வந்தால் ஆபீஸ் பெண் வாசலிலேயே நிற்கிறாள். "எல்லாரும் உக்காந்துட்டாங்க, வாங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏசி ரூம். ஒரு பக்கம் வந்தவர்கள். எதிரில் எங்கள் மேனேஜரும், ஏற்றுமதிக்காரர்கள் சார்பில் வந்த ஒரு பெரியவரும். நடுவில், அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு மேடம். இங்கிலீஷில் வெகுநேரம் வாதாடினார்கள். திடீரென்று பெரியவர் என் பக்கம் திரும்பித் தமிழிலேயே கேட்டார்.

"நீயே சொல்லும்மா. இவங்க கேக்குறத எல்லாம் ஒப்பந்தத்துல எழுதிட்டா, நாளைக்கு ஏதோ ஒண்ணு குறையுதுன்னு சரக்கு வாங்க மாட்டாங்க. கம்பெனிய மூட வேண்டியதுதான். உனக்கு வேலை வேணுமா, சமத்துவம் வேணுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லித் தரவில்லை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று யார் முடிவு செய்தார்கள் என்றும் தெரியவில்லை. வேலை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கை கழுத்துக்குப் போனது. டோக்கன்.

"சார், நான் போவணும். டோக்கன் எங்கிட்ட மாட்டிக்கிச்சு. அங்க ஒரு மாசமான பொண்ணு காத்துனு இருக்குது."

"என்ன டோக்கன்?" என்றார் மேடம். சொன்னேன். அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். வந்தவர்களில் ஒரு பெண் ஏதோ கேட்டாள். மேடம் என்னிடம் திரும்பினார்.

"ஆண்கள் வேலை செய்யிற இடத்துல எத்தனை டோக்கன் இருக்கு?"

தோல் வெட்டும் கட்டிங் செக்‌ஷனில் எல்லாரும் ஆண்கள். நினைத்தபோது எழுந்து போவார்கள், வருவார்கள். தினமும் என் கண் முன்னால்தான் நடக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அது எனக்கு உறைக்கவில்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"அவங்களுக்கு இல்ல மேடம்."

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் என்னை ஓட்டித் தள்ளிவிட்டார்கள்.

"இன்னாடி, கம்பெனி மானத்த கழுத்துல மாட்டினு போய்க் காட்டிட்டியாமே?"

"வேணும்னா பண்ணேன்?"

"சரி உடு. நாளையிலேர்ந்து உன் ஜன்னல் சீட்டு எனக்கு."

பஸ்ஸே சிரித்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதற்குப் பதிலாக, இனிமேல் எல்லாரும் சமம் என்று சொல்லி கட்டிங்கிலும் ஒரு டோக்கனை மாட்டினார்கள். சமத்துவம் இப்படியும் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஒருவன் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எங்கள் லைன் பக்கம் வந்தான்.

"இன்னாக்கா, எங்களுக்கும் மணி கட்டி உட்டுட்ட."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிங் ஆட்கள் அதை மிஷின் கைப்பிடியில் மாட்டிவிட்டு எப்போதும்போல எழுந்து போனார்கள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் தடுக்கவில்லை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் அங்கே டோக்கனே இல்லை. எங்களுடையது மட்டும் ஆணியில் இருந்தது.

அவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் நாங்கள் எதற்குப் பயந்தோம்?

மறுநாள் பக்கத்து மிஷின் பெண் ஆணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். டோக்கனோடு வேறு யாரோ போயிருந்தார்கள்.

"எழுந்து போ" என்றேன்.

"டோக்கன் இல்லக்கா."

"போன்னா போ. கேட்டா நான் அனுப்சேன்னு சொல்லு."

அவள் போனதும் சூப்பர்வைசர் வந்து நின்றார். "யாரக் கேட்டு போச்சு அந்தப் பொண்ணு?"

வீட்டு வாடகை, வீட்டுக்காரர், மழை எல்லாம் சேர்ந்து கண் முன்னால் வந்தது.

"நான்தான் சார் அனுப்சேன்."

தலையைத் தூக்காமல் தைத்தேன். தையல் கோணிக்கொண்டு போனது தெரிந்தும் நிறுத்தவில்லை. அவர் கட்டிங் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு நகர்ந்துவிட்டார்.

அந்தப் பெண் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நானும் எழுந்து, வெறும் கழுத்தோடு போனேன்.