பேய் வராத ஞாயிறு

பன்னிரண்டு வருடமாக ஓடுகிற தொடர் அது. ஞாயிறு மாலையானால் வீட்டில் மூன்று பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவோம். டார்ச் லைட்டோடு ஒருவர் பாழடைந்த பங்களாவுக்குள் போவார், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், என் மகள் என் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். பிளஸ் டூ படிக்கிற பெண். அந்த ஒரு மணி நேரம் மட்டும் சின்னப் பிள்ளை.

அந்த வாரம் ஏதோ ஓர் ஊரில் ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாக ஆரம்பித்தார்கள். கை கால் இழுத்து, கண் மேலே செருகி, வாயில் நுரை. பின்னணிச் சத்தமெல்லாம் பலமாகத்தான் இருந்தது. விளம்பரம் முடிந்ததும் டார்ச் லைட் ஆள் நேராக ஓர் ஆஸ்பத்திரிக்குள் போனார். அங்கே ஒரு டாக்டர், இது வலிப்பு, மாத்திரை விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் கட்டுப்படும், கையில் இரும்பைக் கொடுக்காதீர்கள் என்றார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

“சப்புன்னு போச்சு,” என்றார் என் கணவர். “பேய் புடிக்கறேன்னு போயி ஓ.பி. சீட்டு வாங்கிட்டு வந்துட்டான். இதுக்கா டீகூடக் குடிக்காம உக்காந்திருந்தேன்?”

நானும் சிரித்தேன். தேவைக்கு மேலேயே சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. கழுத்திலிருந்த தாயத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கு வர்றதும் அதேதானம்மா,” என்றாள்.

தை மாதத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் பீரோ சாவிக்கொத்தை அவள் விரல்களுக்குள் திணித்தவள் நான். பி.எஸ்சி. படித்தவள். அரூர்ப் பக்கம் உடுக்கடித்துக் குறி சொல்கிறவரிடம் மூன்று தடவை அவளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். வலிப்பாக இருக்குமோ என்று முதல் நாளே எனக்குத் தோன்றியது. ஆனால் பேய் என்றால் ஓட்டியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். வலிப்புக்காரப் பெண் என்று ஊரில் ஒரு தடவை பேராகிவிட்டால், நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? அதனால் பேயாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நானும் அவளும் காரிமங்கலத்தில் பஸ் ஏறி தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

“மொதல்ல எப்பம்மா வந்துச்சு?” என்று டாக்டர் கேட்டார்.

“போன மாசந்தாங்க. ஒரே ஒரு தடவை,” என்றேன். அங்கே போய் உட்கார்ந்தும் வாயில் பொய்தான் வந்தது.

மகள் பையிலிருந்து வேதியியல் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். தேதி, விழுந்த இடம், கண் விழித்தபோது பக்கத்தில் யார். பதினொரு வரி. ஒன்பதில் ‘அம்மா’ என்று இருந்தது. இரண்டில் ‘யாரும் இல்லை’. அதில் ஒன்று கிணற்று மேடு. அதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை.

டாக்டர் நோட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “இத்தனை மாசம் என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?”

“அம்மா பயந்துட்டாங்க சார்,” என்றாள் மகள்.

எதற்குப் பயந்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளை வைத்துக்கொண்டு என்னால் சொல்லியிருக்க முடியாது.