கல்கத்தாவில் கடல் எந்தப் பக்கம்?

கல்கத்தாவிலிருந்து பக்காலி கடற்கரைக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா என்று போன பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். நான் போனது எழுபதுகளின் கடைசியில், ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அன்று முழுக்க எனக்குத் திசையே புரியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் திருச்செந்தூர்க்காரி. திருநெல்வேலியில் அத்தை வீட்டில் வைத்துப் பெண் பார்த்தபோது மாப்பிள்ளையிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: கல்கத்தாவில் கடல் இருக்கிறதா? "ஓ, இருக்கே!" என்றார் இவர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம், பாங்கு உத்தியோகம், தமிழைவிட வங்காளம் சரளம். நம்பிக் கழுத்தை நீட்டினேன். மாசியில் கல்யாணம். லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்து நாலு மாதமாகியும் ஏரியைக் காட்டினார், கங்கையைக் காட்டினார், கடலை மட்டும் காணோம்.

ஆடி பிறந்தால் என்னை அழைத்துப்போக அப்பா வருவார். அதற்கு முன் ஒரு நாள் காலையில் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னேன்: "கடல் இருக்குன்னு சொன்னீங்கல்லா, காட்டுங்க. இல்லேன்னா ஆடிக்குப் போறவ ஆவணியில திரும்பி வர மாட்டேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பொய் சொல்லிக் கட்டிக்கொண்ட ஆளோடு எப்படி வாழ்வது என்று உண்மையிலேயே தெரியவில்லை. இவர் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த ஞாயிறுக்கு ஒரு அம்பாசிடர் கார், தனியாக ஒரு கைடு, எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. காருக்கு 260 ரூபாய், கைடுக்கு 30.

கைடு நந்தி பாபு ஐம்பது வயதுக்காரர், கறுப்புக் குடை, வாய் நிறைய வெற்றிலை. என்னை 'பௌதி' என்று கூப்பிட்டார். அண்ணி என்று அர்த்தமாம். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். இடது பக்க ஜன்னலை நான் அடித்துப்பிடித்து வாங்கினேன். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குத் தெற்கே பஸ்ஸில் போனால் கடல் இடது பக்கம்தான் வரும். இதுவும் தெற்கே போகிற ரோடுதானே? ஐம்பது கிலோமீட்டரும் வயலும் குளமும் வாழையுமாகப் போனதே தவிர கடல் வரவில்லை. கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஆறே முக்காலுக்கு டயமண்ட் ஹார்பர். கார் நின்றதும் இவர் இறங்கி, வலது பக்கம் கையை நீட்டினார்.

"இதோ பார் வடிவு, கடல்!"

அக்கரை தெரியவில்லை, வாஸ்தவம்தான். கப்பல்கூட ஒன்று போயிற்று. ஆனால் அலை எங்கே? மணல் எங்கே? வாடையே இல்லையே! இடிந்த கோட்டைச் சுவரைக் காட்டி நந்தி பாபு ஏதோ வரலாறு சொல்லிக்கொண்டிருக்க, நான் படியிறங்கி ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். சப்பென்று, சேறு மணத்தது. துப்பிவிட்டேன்.

"ஏங்க, இது கடலா? ஒரு சொட்டு உப்பு இல்ல. என்னை என்ன கேனச்சின்னு நினைச்சீங்களா?"

இவர் கைடைப் பார்த்தார். கைடு தண்ணீரைப் பார்த்தார். பிறகு வங்காளத்தில் நிதானமாக ஒன்று சொன்னார். "ஜோயார்ல, அதாவது தண்ணி ஏறும்போது, இது கடலாம். பாட்டாவுல, வடியும்போது, ஆறாம்" என்று இவர் மொழிபெயர்த்தார். ஒரே தண்ணீர் காலையில் கடல், மத்தியானம் ஆறு என்றால் யாருக்குப் புரியும்?

இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு வயசுல அப்பா எங்களை இங்க பிக்னிக் கூட்டிட்டு வந்தார். 'இதான்டா சமுத்திரம்'னார். இத்தனை நாளா நான் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கேன், வடிவு."

"அப்போ கடலையே பார்த்ததில்லையா? மெட்ராஸ் வழியாத்தானே கல்யாணத்துக்கு வந்தீங்க?"

"சென்ட்ரல்ல இறங்கி நேரா எக்மோர். திருநெல்வேலியில தாலி கட்டினதும் அப்படியே திரும்பிட்டோம். எங்க பாக்கறது?"

முப்பது வயது மனிதர். எனக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அதற்காக விட்டுவிடவும் மனம் வரவில்லை. "நிஜக் கடல் எங்க இருக்குன்னு அவரைக் கேளுங்க" என்றேன். பக்காலியில், இன்னும் எண்பது கிலோமீட்டர் என்றார் நந்தி பாபு.

எட்டு மணிக்குக் கிளம்பி, காக்த்வீப் வழியாகப் பத்தேகாலுக்கு நாம்கானா. அங்கே ஓர் உப்பங்கழி குறுக்கே படுத்திருந்தது. காரை நிறுத்திவிட்டு, ஆளுக்கு 25 பைசா கொடுத்துப் படகில் தாண்டி, அக்கரையில் பஸ் பிடித்தோம். டிக்கெட் ஒரு ரூபாய். அதிலும் இடது ஜன்னல், அதிலும் ஏமாற்றம். பன்னிரண்டு மணிக்கு ரோடு அப்படியே மணலில் போய் முடிந்தது.

கடலைக் காணோம்!

சத்தியமாகச் சொல்கிறேன். கண்ணுக்கெட்டிய மட்டும் சாம்பல் நிறத்தில் ஈர மணல், தகரத்தைத் தட்டிப் போட்டது மாதிரி. மேலே மேகம் மூடியிருந்ததால் சூரியனை வைத்தும் திசை பார்க்க முடியவில்லை. பாட்டா, தண்ணீர் வடிந்து போயிருக்கிறது, கொஞ்சம் இருங்கள் என்றார் நந்தி பாபு. எங்கள் ஊர்க் கடல் இப்படி ஊர்விட்டு ஊர் போகாது. நானும் இவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். அரை மணி நேரம் நடந்தும் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான்.

"சாரி வடிவு. இங்கயும் இல்ல போலிருக்கு" என்றார் இவர்.

அப்போது பாதி தூரம் எங்கள் பின்னாலேயே வந்திருந்த நந்தி பாபு, "பௌதி! ஜோயார்! ஜோயார்!" என்று குடையை ஆட்டிக் கத்தினார். திரும்பினால், எங்களுக்கும் கரைக்கும் நடுவே, நாங்கள் தாண்டி வந்த மணல் பள்ளத்தில் சத்தமே இல்லாமல் தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. முன்னால் தேடின கடல் முதுகுப் பக்கமாக வந்து கணுக்காலைத் தொட்டது. குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு! அசல் உப்பு! அழுகை வந்துவிட்டது. இன்னொரு விரலை நனைத்து இவர் வாயில் வைத்தேன்.

"ஐயோ, இவ்வளவு உப்பா!" என்று முகத்தைச் சுளித்தார் பாருங்கள். அந்த முகத்தை விட்டுவிட்டு ஊரில் போய் உட்கார என்னால் முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், கரைக்கு ஓடினோம். நந்தி பாபு திட்டின திட்டை இவர் மொழிபெயர்க்கவில்லை.

மூன்றரை பஸ்ஸில் திரும்பினோம். இப்போது போகிறவர்களுக்கு நாம்கானாவில் பாலமே வந்துவிட்டது, கார் நேராகப் போகும். தண்ணீர் ஏறும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். வடிந்திருக்கும்போது தூரம் நடக்காதீர்கள். ஜன்னலுக்குச் சண்டை வேண்டாம். அங்கே கடல் இடதுமில்லை, வலதுமில்லை, ரோட்டின் நுனியில் இருக்கிறது.

ஆடிக்கு அப்பாவோடு ஊருக்குப் போனேன். ஆவணியில் என்னைக் கூட்டிப்போக இவரே லீவு போட்டு வந்தார். தூத்துக்குடி ஸ்டேஷனுக்குப் போய் எதிர்கொண்டு அழைத்து, திருச்செந்தூர் பஸ்ஸில் ஏற்றி, இடது பக்க ஜன்னலில் இவரை உட்கார வைத்தேன்.