வில்லைப் பலகையும் கணினியும்

தருமபுரியில் நான் தட்டச்சராகப் பணியாற்றிய தங்கும் விடுதியின் முன்கூடத்தில் ஒரு மரப்பலகை தொங்கியது. அறைக்கோர் ஆணி, ஆணிக்கொரு பித்தளை வில்லை. வில்லையின் எண் நம்மை நோக்கினால் அறை காலி. சுவரை நோக்கினால் உள்ளே ஆள் உண்டு. சிவப்பு நூல் சுற்றியிருந்தால் நோயாளி, கதவைத் தட்டலாகாது. மேலாளர் வகுத்த ஏற்பாடு அது. எழுத்தறியாத துப்புரவு அம்மாளும் வில்லையைத் தாமே திருப்புவார். ஏன் திருப்பினீர்கள் என்று அவரை எவரும் வினவியதில்லை.

எண்பதுகளின் இறுதியில் முதலாளி ஒரு கணினி வாங்கினார். என்னைப் பெங்களூருக்கு அனுப்பிப் பயிற்றுவித்தார். பலகை கழற்றப்பட்டது. ஐம்பது கடந்த மேலாளருக்கு ஒரு மாதத் தவணை. அதற்குள் கற்காவிடில் வேலையில்லை. ஒற்றை விரலால் அவர் எழுத்துகளைத் தேடுவதைக் கண்டு துப்புரவு அம்மாள் சொல்வார்: "கோழி அரிசி பொறுக்கற மாதிரி பொறுக்கறீங்களே மேனேஜரே."

"பொறுக்குனாத்தான் சோறு, ஆத்தா" என்பார் அவர், தலை நிமிராமல். ஆயினும் கற்றுக்கொண்டார்.

தவணை முடிய மூன்று நாள் இருந்தது. மாரண்டஹள்ளியிலிருந்து மருத்துவத்திற்கு வந்து பதினொன்றாம் அறையில் தங்கியிருந்த தம்பதியர், இன்னும் ஒரு நாள் இருப்பதாகத் துப்புரவு அம்மாளிடம் கூறினர். அவர் என்னிடம் கூறினார். குறித்த நாள் கடந்தால் கணினி தானாகவே அறையைக் காலி என்று காட்டிவிடும். நான் பதிய மறந்தேன்.

மறுநாள் காலை பாலக்கோட்டுத் திருமணக் கூட்டம் ஒன்று வந்திறங்கியது. மேலாளர் எவரையும் கேளாமல், தாமே திரையைப் பார்த்து, சற்றே பெருமிதத்தோடு பதினொன்றின் மாற்றுச் சாவியைக் கொடுத்தார். அவர்கள் கதவைத் திறந்தபோது, கணவர் தம் மனைவியின் அறுவைப் புண்ணுக்கு மருந்திட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மையாரின் அலறல் முன்கூடம் வரை கேட்டது.

முதலாளி வந்தார். மேலாளரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்: "தம்பி, பொட்டி தப்பாக் காட்டுமா?"

"காட்டாதுங்க" என்றேன்.

துப்புரவு அம்மாள் துடைப்பத்தோடு படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்தார். மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப எங்கண்ணுதானுங்க தப்பு" என்றார். நண்பகலுக்குள் சென்றுவிட்டார், எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

மேலாளரின் இருக்கை எனக்குக் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதில் அமர்ந்திருந்தேன். துப்புரவு அம்மாள் அதன்பின் எந்த அறையைப் பற்றியும் தாமாக என்னிடம் ஒரு சொல் கூறியதில்லை. நானே வலியச் சென்று, யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று கேட்டால், தரையைக் கூட்டியபடியே சொல்வார்:

"பொட்டியக் கேளுங்க."