வீரம்மாளின் பச்சை வட்டம்

வீரம்மாள் என் சின்ன அத்தை மகள். கிள்ளானில் பிறந்து, செராஸில் வாழ்க்கைப்பட்டு, புருசன் போன பிறகு பிரிக்பீல்ட்ஸில் இருபத்தாறு வருஷம் நின்றே பூ விற்றவள். அவளுக்குக் கால்தான் சோறு.

இனிப்புநீர், அதுதான் சர்க்கரை வியாதி, என்று கிளினிக் போனாள். அங்கிருந்த டாக்டர் மருந்துச் சீட்டிலேயே ஒரு செயலியின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு தடவை விரலைக் குத்தி, வரும் சர்க்கரை எண்ணை ஃபோனில் போட வேண்டுமாம். எப்போது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை.

இவள் நல்ல நாளாகப் பார்த்து வெள்ளிக்கிழமையைப் பிடித்தாள். அன்று அவளுக்கு விரதம். மாலை விளக்கேற்றிவிட்டு, வெறும் வயிற்றோடு குத்துவாள். செயலி பச்சை வட்டம் காட்டும். மற்ற ஆறு நாளும் உள்ளே போகும் எண்ணெய் ரொட்டி சானாயும் பால்கட்டி போட்ட இனிப்பு டீ தே தாரேக்கும் அதற்கு எப்படித் தெரியும்?

மூன்று மாதம் கழித்து நானும் கூடப் போனேன்.

"டாக்டர், சுண்டுவிரல் கிட்ட கொப்புளம். வலிக்கல, ஆனா சிலிப்பர் நனையுது."

அவர் அவளுடைய ஃபோனைத் தேய்த்துக்கொண்டே, "எல்லாம் பச்சை, ஆன்டி! நீங்கதான் டாப் லா," என்றார்.

"கால், டாக்டர்..."

"சிலிப்பர் கடிச்சிருக்கும். ஒரு நாளைக்கு ஆறாயிரம் ஸ்டெப் நடங்க. ஆப் எண்ணும்."

கால் மேசைக்கடியில் இருந்தது. குனிந்தால் படித்த படிப்பு கொட்டிவிடும் போல. என் மாமனார் தோட்டத்தில் மாட்டு வைத்தியம் பார்த்தவர். குளம்பைத் தூக்கிப் பார்க்காமல் மருந்து சொன்னதில்லை.

இவள் மட்டும் லேசுப்பட்டவளா? டாப் என்றதும் பல்லெல்லாம் தெரிந்தது. பூ வாங்க வந்தவர்களிடம் வட்டத்தைக் காட்டினாள். கொப்புளத்தோடு ஆறாயிரம் அடியும் நடந்தாள்.

பதினெட்டாம் நாள் காய்ச்சல் கொதித்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் புனிதா என்ற நர்ஸ் மிஸ்ஸி ஃபோனைக் கேட்கவில்லை. "சிலிப்பரக் கழட்டுங்க ஆன்டி," என்றாள். வந்த வாடைக்கு நான் முகத்தைத் திருப்பினேன். அவள் திருப்பவில்லை.

"எப்போ குத்திப் பாப்பீங்க?"

"வெள்ளி சாயங்காலம்மா, விரதத்தோட."

மிஸ்ஸி தலையில் அடித்துக்கொண்டாள். "டாக்டர் இத கேக்கலியா?"

"அவரு ஃபோனத்தானே கேட்டாரு."

இரண்டு விரல் போயின. கால் தப்பியது.

தையல் பிரித்த மறுநாள் அந்தக் கிளினிக்குக்கே என்னைக் கூட்டிப்போனாள். டாக்டர் வழக்கம்போல் ஃபோனுக்குக் கையை நீட்டினார். வீரம்மாள் கட்டுப்போட்ட காலைத் தூக்கி, மேசைமேல் அவர் கைக்கு நேரே வைத்தாள்.

"பாருங்க, டாக்டர். குனிய வேணாம்."