ஏழாம் கேள்வியில் இருந்த ‘கதை’

1. தாழ்ப்பாள்

மாம்புரியில் ஒரு வீட்டில் நான் ஏழாம் கேள்வியைக் கேட்டு முடித்ததும், வீட்டுக்காரப் பெண் எழுந்துபோய் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்கும் இந்தத் தொழிலில் என்னை வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்தியவர்கள் எத்தனையோ பேர். உள்ளே வைத்துச் சாத்தியவர் அவர் ஒருவர்தான்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கையில் கேள்விப் போமும் பேனையும் இருந்தால்தான் கொஞ்சம் தைரியம் வரும். அன்றைக்கு அந்தப் போமே எனக்கு வினையானது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளிலேயே சொல்லுவது இந்த வீட்டைப் பற்றித்தான்.

2. நாங்க பாக்கிறல்ல

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றிப் பார்வையாளர் கருத்து எடுக்கும் வேலையைக் கொழும்புக் கம்பனி ஒன்று புத்தளத்தில் எங்கள் ஐந்து பேருக்குத் தந்தது. கொலை, விசாரணை என்று போகும் நாடகம். துப்புத் துலக்கும் இன்ஸ்பெக்டர் ஒரு திருநங்கை. நாடகத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று சனல்காரர்களுக்குத் தெரியவேண்டும்.

ஆலங்குடாவில் முதல் வீட்டுக்காரர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். “நாங்க அதெல்லாம் பாக்கிறல்ல தங்கச்சி. ஹராம்.”

நான் போமை மூடினேன்.

“ஆனா கொல செஞ்சது அந்த டொக்டர்தான். நேத்துக் கையுற போட்டுட்டு வந்தானே, நீங்க பாக்கல்லியா?”

இன்னொரு வீட்டில் மனைவி சொன்னார்: “அந்த இன்ஸ்பெக்டர் வந்தா என்ட வீட்டுக்காரர் ஏசிட்டு சனல மாத்துவார். ரெண்டு நிமிஷத்தில அவரே திருப்பிப் போடுவார்.” கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், “ஆணோ பொண்ணோ எனக்கென்ன. ஆள அடிக்காம ஏசாம விசாரிக்குதே, அது நல்ல பொலிஸ்” என்றார்.

எல்லோரும் அப்படி இல்லை. மாம்புரியில் ஒருவர் விரலை நீட்டி நீட்டிப் பேசினார். “எழுதுங்க, நல்லா எழுதுங்க. இந்த ஊருல அப்பிடி ஒண்டு ஈந்தா ஒரு நாளும் உட்டு வைக்க மாட்டம். குடும்பத்தோட அனுப்பிடுவம்.” அதையும் எழுதினேன். வாயில் வருவதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதவேண்டும். இதற்குத் தொழிலில் வெர்பேட்டிம் என்று பெயர். போம் ஒவ்வொன்றிலும் தொடர் இலக்கம், பெயர், முகவரி எல்லாம் இருக்கும்.

மாலையில் கம்பனியின் வான் வண்டியில் திரும்பும்போது எங்கள் சுப்பர்வைசர் நவ்ஷாத் சேர் எல்லாருடைய போமையும் வாங்கி, ருசியான கருத்துகளைச் சத்தமாக வாசிப்பார். வான் குலுங்கும். நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

3. எந்தக் கதை?

போமின் தலைப்பில் ஒரு அறிமுகப் பந்தி இருக்கும். நாங்கள் யார், எந்த நாடகத்தைப் பற்றிக் கேட்க வந்தோம் என்று அதை முழுதாக வாசித்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். அன்று அது எனக்கு ஒன்பதாவது வீடு. தொண்டை வறண்டிருந்தது. பந்தியை விட்டுவிட்டு, கதிரையில் உட்கார்ந்ததும் நேரே கேள்விக்குப் போனேன். அதுதான் என் பிழை.

வீட்டுக்காரப் பெண்ணின் பெயர் ஹாஜரா. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ராத்தா என்று கூப்பிட்டேன். முதல் ஆறு கேள்விகளும் வீட்டைப் பற்றியவை. எத்தனை பேர்? “நானும் மகனும்.” டீவி இருக்கிறதா? “ஓம்.” அந்த டீவியை யன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்திருந்தார்கள். வெளியே தெரியாமல் பார்க்கத்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏழாம் கேள்வியைக் கொழும்பில், “இக்கதை பற்றி உங்கள் கருத்து என்ன?” என்று அச்சடித்திருந்தார்கள். நான் அதை எங்கள் பேச்சில் கேட்டேன். “இந்தக் கதையப் பத்தி நீங்க என்ன செல்றீங்க ராத்தா?”

எங்கள் பக்கத்தில் டீவியில் வருவது நாடகம். கதை என்பது ஊர்வாயில் வருவது.

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அவர் என் முன்னால் வந்து நின்றார். “எந்தக் கதை? பள்ளிவாசல்ல கதைச்சாங்களா? ஆரு உங்கள அனுப்பின?”

நான் விளக்குமுன் அவரே கொட்டினார். “என்ட புள்ள ஆருக்கு என்ன செஞ்சது? பொம்புளப் புள்ளயா உடுத்தினா இந்த நாலு செவத்துக்குள்ளதானே. பொறந்தது பொடியனாத்தான். ஆனா மனசு அப்பிடி இல்லயே, நான் என்ன செய்ய? தொண்ணூறில உடுத்த உடுப்போட ஊர உட்டு வந்தன். இன்னொருக்கா எழும்பிப் போக எனக்கு ஏலாது தங்கச்சி. ஊர் விதானக்கிட்ட செல்லிராதீங்க.”

நானும், வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய அதே வருடம், உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னாரிலிருந்து வந்தவள். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பழகிய கை நிற்காமல் எழுதிக்கொண்டே இருந்தது.

உள்ளறைத் திரை விலகியது. அந்தப் பிள்ளைக்கு இருபது வயதிருக்கும். தோள்வரை முடி, கண்ணில் சுர்மா, கையில் இரண்டு வளையல். “உம்மா, அவங்க நாடகத்தப் பத்திக் கேக்கிறாங்க.”

ஹாஜரா ராத்தா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனையைப் பார்த்தார். “அப்ப, இதெல்லாம் எழுதிட்டீங்களா?”

போமிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்தால் வேலை போகும். நான் கிழித்தேன். அவர் அதை அடுப்பில் வைத்து, முழுதும் கருகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது.

4. ஆடு தின்றுவிட்டது

அன்று மாலை வானில் நவ்ஷாத் சேர், “குடும்பத்தோட அனுப்பிடுவம்” என்ற கருத்தை அதே தொனியில் வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து எடுத்தது ஹாஜரா ராத்தாவின் போம்.

“ஏழாம் கேள்விப் பக்கம் எங்க?”

“ஆடு தின்டுட்டு சேர்.”

வேறு பொய் எதுவும் வாயில் வரவில்லை. வானில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சேர் மட்டும் சிரிக்காமல் போமின் மூலையில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார். “அப்ப இது பேக் செக். நாளைக்கு நானே அந்த வீட்டுக்குப் போய் இன்னொருக்காக் கேக்கிறன். என்ட மாமி வீடும் அந்தப் பக்கம்தான்.”

ஒரு பக்கத்தை எரித்து நான் காப்பாற்றிய வீட்டுக்கு, ஊர் மருமகனையே கூட்டிக்கொண்டு போகும்படி ஆகிவிட்டது. முன்கூட்டிச் சொல்ல அவர்களின் போன் நம்பரும் என்னிடம் இல்லை. அன்றிரவு நான் கண்மூடவில்லை.

5. பேக் செக்

மறுநாள் நானும் சேரும் போய்த் தட்டியதும் கதவு ஒரு சாண் திறந்தது. சேர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “ராத்தா, நேத்து உங்கட ஆடு என்ட தாளத் தின்டிச்சே!”

ஹாஜரா ராத்தா விழித்தார். சேர் வளவைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு ஆட்டுக் கயிறுகூட இல்லை.

“எங்கட ஆடில்ல, பக்கத்து வீட்டு ஆடு. வேலியால பூந்து வந்தது.” உள்ளிருந்து வந்த குரல் ஆண்குரல்போலக் கனமாக இருந்தது.

சேர் நிமிர்ந்தார். “உள்ளுக்க ஆரு?”

ஹாஜரா ராத்தாவின் விரல்கள் கதவு விளிம்பை இறுக்கிப் பிடித்தன. மகன் என்று சொல்லிவிடுவார், அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

“என்ட மகள்” என்றார்.

சேர் போமைத் திருப்பினார். முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ‘மகன்’ என்று இருந்தது. அதைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“என்ட பிழ சேர்” என்றேன்.

அவர் ‘மகன்’ என்பதை வெட்டி, மேலே ‘மகள்’ என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தார். “இனிக் கவனமா எழுதுங்க” என்றார். பிறகு அறிமுகப் பந்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிதானமாக வாசித்தார்.

நாடகம் எப்படி என்று கேட்டதற்கு ஹாஜரா ராத்தா, “நல்லம். சத்தத்தக் கொறச்சுட்டு ரெண்டு பேரும் பாப்பம்” என்றார். எட்டாம் கேள்விதான் இருந்ததிலேயே பொல்லாதது. சேர் அதையும் விடாமல் கேட்டார். “அந்த இன்ஸ்பெக்டர் மாதிரி ஒருத்தர் உங்கட வீட்டுல ஈந்தா என்ன செய்வீங்க?”

ஹாஜரா ராத்தா உள்ளறைத் திரையின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அப்பிடி ஒரு இன்ஸ்பெக்டர் வீட்டுல ஈந்தா, ஆரு வந்து தட்டினாலும் பயமில்லாமக் கதவத் தொறப்பன்.”

சேர் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினார். அன்று மாலை வானில் பிள்ளைகள் கேட்டும் அவர் எதையும் வாசிக்கவில்லை. அவருக்கு விளங்கியதா, மாமி வீட்டில் ஏதும் கதைப்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. மாம்புரிப் பக்கமிருந்து யார் வந்தாலும், அந்தக் குடும்பம் ஊரில்தான் இருக்கிறதா என்று சுற்றி வளைத்து விசாரிப்பேன். இருக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் சோறு இறங்கும்.

பக்கத்தைக் கிழிப்பது வேலை போகிற குற்றம் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் கிழித்ததையும் மறைப்பதில்லை. அறிமுகப் பந்தியை விடாதீர்கள், நாடகத்தை நாடகம் என்றே சொல்லுங்கள் என்கிறேன். எனக்கென்று வைத்துக்கொண்ட பழக்கமும் ஒன்று உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், கதவு திறக்குமுன்பே வெளியில் நின்று சத்தமாகச் சொல்லிவிடுவேன்: “டீவி நாடகத்தப் பத்திக் கேக்க வந்தீக்கிறன். வேற ஒண்டுக்குமில்ல.”